ஐஸ் மெஷினும் ஓர் ஓட்டும்

ஐஸ் மெஷினின் கத்தி ஏன் மழுங்கியது என்று இஸ்மெல்டாவுக்குத் தெரியும். புதுக் கத்தி ஏன் வரவில்லை என்பதுதான் புரியவில்லை. போன வருஷம் கேட்டதும் விமானத்தில் வந்தது. இந்த வருஷம் எத்தனை முறை கேட்டும் பதிலே இல்லை.

மெஷின் எளிமையானதுதான். உள்ளே குளிர்ந்த இரும்பு உருளை. அதன்மேல் வழியும் நீர் தோல்போல உறையும். கத்தி அதைச் சீவித் தள்ளும். கத்தி மழுங்கினால் ஐஸ் உருளையிலேயே கெட்டித்துப்போகும். மெஷின் இருக்கும் மீன்பிடித் துறைமுகத்தை, மெஷினோடு சேர்த்து இலவசமாகக் கட்டிக்கொடுத்தது, தொலைவில் இருக்கும், திமிங்கிலம் பிடிக்கும் பெரிய நாடு ஒன்று. கத்தியும் அங்கேதான் செய்கிறார்கள்.

"இன்னிக்காவது ஐஸ் உண்டா, இல்ல உன் மெஷின் பாட்டுதான் பாடுமா?" என்றான் படகுக்காரன் பெர்டில். "ஒரு வாரம் பார்ப்போம். அப்புறம் எல்லாரும் தெற்குத் துறைக்குப் போயிடுவோம். நீ இங்க ஈ ஓட்டு."

படகுகள் போனால் அவள் நடத்தும் துறையைப் பூட்டிவிடுவார்கள்.

கத்தி ஏன் வரவில்லை என்று கேட்க, சித்தி மகன் லூக்கனைப் பிடித்தாள். திமிங்கில வேட்டையை அனுமதிப்பதா என்று நாடுகள் ஓட்டுப் போடும் திமிங்கில ஆணையக் கூட்டத்தில், அவர்களுடைய செயின்ட் ஓரல் தீவு நாட்டுக்காகக் கை தூக்குகிறவன் அவன்தான். தீவில் யாரும் திமிங்கிலம் பிடித்ததில்லை. சுற்றுலாப் பயணிகளுக்கு அதைக் காட்டித்தான் பாதிப் பேர் பிழைக்கிறார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் நாடு பெரிதோ சிறிதோ, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓட்டுதான்.

"இந்த வருஷம் நல்லபடியாத்தானே நடந்துக்கிட்டோம், அக்கா? அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே, எங்க ஓட்டு வேட்டைக்குத்தான்னு மந்திரி சொல்லிட்டாரே."

"போன வருஷம்?"

"மந்திரிக்குக் காய்ச்சல். என்ன சொல்றதுன்னு தெரியல. அவங்ககிட்ட 'இதோ சொல்றேன்'னேன்."

ஓரலில் 'இதோ' என்றால் நாளையாகலாம், அடுத்த மாதமாகலாம், வராமலே போகலாம். குளிக்காதவன்கூட 'இதோ கிளம்பிட்டேன்' என்பான். கத்தி செய்யும் அந்தப் பெரிய நாட்டுக்காரர்கள் அதைச் சாயங்காலம் என்று எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலம் பதில் வரவில்லை. உடனே கத்தி வந்தது. அப்போதும் பதில் வராததால், அதைப் பொருத்த இன்ஜினியர் வந்தார்.

இஸ்மெல்டாவுக்குச் சிரிப்பு வந்தது. "மக்கு, ஏற்கெனவே பைக்குள்ள விழுந்துட்ட ஓட்டுக்கு எவன்டா கத்தி அனுப்புவான்?"

"இப்ப ஆமான்னு சொல்லியாச்சே!"

"மறுபடி யோசிக்கிறோம்னு சொல்லு. எப்ப முடிவுன்னு கேட்டா, இதோன்னு சொல்லு."

"மந்திரி திட்டுவாருக்கா."

"அவர்கிட்டயும் இதோன்னு சொல்லு."

லூக்கன் அப்படியே சொன்னான். பெர்டில் வைத்த கெடு முடிவதற்குள் கத்தி வந்திறங்கியது, மாற்றுக்கு இன்னொன்றும் சேர்த்து. அன்றிலிருந்து செயின்ட் ஓரலின் வெளியுறவுக் கொள்கை இதுதான்: ஆமாம் என்று சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது, ஒவ்வொரு வருஷமும் 'இதோ சொல்கிறோம்' என்று சொல்ல வேண்டும்.