கௌரம்மாவின் ஜன்னலுக்கு மேலே

என் குளியலறை விறகடுப்புக்குப் புகைக்குழாய் நாலடிதான். மழைத்தண்ணீர் இறங்கப் போடுகிற மெல்லிய தகரக் குழாயை நானே வாங்கிவந்து சுவரில் சொருகியிருந்தேன். புகை நேராகப் பக்கத்து வீட்டு மாடி ஜன்னலுக்குள் போகும். அங்கே கௌரம்மா.

தினமும் காலை ஆறரைக்கு அவள் கன்னடம் கலந்த தமிழோடு வந்து நிற்பாள்.

“ஏன்ரீ ஆறுமுகசாமி, என்னைக் கருவாடாக்கப் பாக்கறீங்களா?”

“ஜன்னலச் சாத்தும்மா. உன்னை யாரு தொறக்கச் சொன்னது?”

பத்து நிமிஷம் இப்படிப் போகும். என் மனைவி மாரக்காள் என்னைத் தனியாக விட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு, இந்த அக்ரஹாரத்தில் என்னிடம் வாய் திறந்து பேசிய ஒரே ஜீவன் கௌரம்மாதான். தறி ஓடும் ஆலையில் முப்பது வருஷம் கத்திப் பேசிய தொண்டை எனக்கு. அந்தப் பத்து நிமிஷம் இல்லாவிட்டால் அதற்கு நாள் முழுக்க வேலையே கிடையாது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

கார்த்திகையில் ஒரு நாள் குழாய் கரியால் அடைத்துக்கொண்டது. புகை உள்ளேயே திரும்பி, நான் தலைசுற்றி விழுந்தேன். திட்ட வந்தவள் புகையே வராததைப் பார்த்து ஓடிவந்து, கதவைத் தள்ளி என்னை வெளியே இழுத்துப்போட்டாள். மறுநாளே, அடுப்புக்குக் குழாய் போடும் ராமாபுரத்துச் சித்தையனைக் கூட்டிவந்துவிட்டாள்.

“பழசையே தட்டிப் போடுப்பா,” என்றேன்.

“இந்தத் தகரம் ஆகாதுங்ணா. சூடேறுனா மேல்பூச்சே நஞ்சாப் பொகையும்.”

கனமான இரும்புக் குழாய் வந்தது. மேல் குழாய் கீழ்க் குழாய்க்குள் இறங்கும்படி மாட்டினான். மாற்றி மாட்டினால் கரித்தண்ணீர் வெளியே ஒழுகுமாம். கூரை மரத்திலிருந்து ஒரு முழம் தள்ளியே ஏற்றினான்.

“முகட்டுக்கு மேல மூணடி போகோணுங்.”

“எதுக்கு அவ்வளவு? ஜன்னல் உசரமே போதும்.”

“கஞ்சத்தனம் பண்ணாதீங்ணா,” என்று சிரித்தான். மடையன். கஞ்சத்தனமா அது?

புகை வானத்துக்குப் போனது. கௌரம்மாவின் ஜன்னல் இப்போது நாள் முழுக்கத் திறந்தே கிடந்தது. யாரும் வந்து நிற்கவில்லை. பதினோரு நாள் பார்த்தேன்.

பன்னிரண்டாம் நாள் வெட்கத்தை விட்டு, ஈரத் தென்னைமட்டையை அடுப்பில் திணித்தேன். பாழாய்ப்போன குழாய் அத்தனை புகையையும் இழுத்துக்கொண்டு மேலே போனது. கொல்லையில் நின்று நானே கூப்பிட்டேன்.

“கௌரம்மா, புகை வருதா?”

எட்டிப் பார்த்தாள். “துளிகூட இல்லண்ணா. இப்பத்தான் நிம்மதியா இருக்கேன்.”

முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.