ஜன்னலில் தெரிந்த சிவப்பு

இருட்டறையில் உட்கார்ந்து பிழைப்பு நடத்துகிறவனுக்கு ஆந்தை என்று பட்டப்பெயர் வைக்காமல் வேறு என்ன வைப்பார்கள்? சினிமாக்களுக்கு நிறம் சரிசெய்யும் கலரிஸ்ட் அவன். சாம்பல் நிறச் சுவர், ஜன்னலே இல்லாத அறை, எதிரே ஒரு பெரிய மானிட்டர், கைக்கடியில் வெளிச்சத்தையும் நிறத்தையும் கூட்டிக் குறைக்கும் மூன்று உருளைகள். அவன் உலகம் அவ்வளவுதான்.

அன்று பிற்பகல் அவன் தங்கை அங்கே வந்து உட்கார்ந்திருந்தாள். கைப்பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

அவள் ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். தேறாத இருமல் மருந்துக்குத் தேறியதாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள் என்று ஓர் ஆவணப்படத்தில் பேசியிருந்தாள். பேச வைத்ததே ஆந்தைதான். "உன் முகம் வெறும் நிழலாத்தான் தெரியும், குரலையும் மாத்திடுவாங்க, கலர் வேலையை நானே பண்றேன்" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான். போன வருடம் இதே விஷயத்தில் வாயைத் திறந்த ஸ்டோர்கீப்பரை யாரோ பைக்கில் வந்து இடித்துவிட்டுப் போனார்கள். மனிதர் இன்னும் ஊன்றுகோலோடு நடக்கிறார். யார் இடித்தது என்று கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும், போலீசுக்கு மட்டும் தெரியாது.

"நாளைக்குப் படம் வருதுன்னதுலேர்ந்து சோறு இறங்கல அண்ணா. ஒரு தடவை கண்ணால பாத்துட்டேன்னா நிம்மதியா இருக்கும்."

"தாராளமா பாரு. ரெண்டு காப்பி பண்ணிருக்கேன். ஒண்ணு சாதாரண டிவிக்கு. இன்னொண்ணு எச்.டி.ஆர்., புது டிவிக்கு. அதையே காட்டறேன்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் போல அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "சாதாரண டிவில ரொம்ப வெளிச்சமான இடம் வெறும் வெள்ளையா எரிஞ்சு போயிடும். இதுல அந்த வெளிச்சத்துக்குள்ள என்ன இருக்கோ அதுவும் தெரியும். நேர்ல பாக்கற மாதிரி."

படம் ஓடியது. அவளுடைய வீட்டுக் கூடம், அவளுடைய நாற்காலி, பின்னால் திறந்த ஜன்னல். முகம் இருந்த இடத்தில் கன்னங்கரேலென்று ஒரு நிழல். அந்த நிழலுக்காக அவன் நாள் முழுக்க மல்லுக்கட்டியிருந்தான். விளக்கை எல்லாம் அணைத்து, மூக்கு திரையில் உரச, ஒரு கண்ணிமை தெரிகிறதா என்று தேடித் தேடி இருட்டில் அமுக்கியிருந்தான். தங்கை பெருமூச்சு விட்டாள்.

பிறகு அந்த மூச்சு பாதியில் நின்றது. எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். அவள் தன் முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணா, இது பாப்பா சைக்கிள்தானே?"

ஆந்தை படத்தை நிறுத்தினான். சாதாரணக் காப்பியில் அந்த ஜன்னல் வெறும் வெள்ளைச் சதுரம். எச்.டி.ஆர். காப்பியில் அந்த வெள்ளைக்குள்ளிருந்து தெருச் சந்து முழுவதையும் மீட்டு எடுத்திருந்தான். எதிர்வீட்டுப் பச்சைச் சுவர், தண்ணீர்த் தொட்டி, தங்கை வீட்டு நீல கேட், அதில் சாய்த்த சிவப்பு சைக்கிள். வெயிலில் அந்தச் சிவப்பு ஜொலிக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் உருளையை உருட்டியிருக்கிறான். டைரக்டர் தோளில் தட்டிக்கொடுத்தபோது உச்சி குளிர்ந்து போயிருக்கிறான். அது தங்கை மகளுக்கு அவனே கடைக்குப் போய் வாங்கிக் கொடுத்த சைக்கிள். முன்னால் இருந்த மஞ்சள் கூடையைக் கம்பி வைத்துக் கட்டியதும் அவன்தான். சிவப்பைப் பார்த்தவன் சைக்கிளைப் பார்க்கவில்லை. இருட்டுக்குக் காவல் இருந்துவிட்டு வெளிச்சத்தைத் திறந்து போட்டிருக்கிறான், மடையன்.

"பயப்படாதே. நாளைக்குத்தானே வருது, இப்பவே மாத்திடலாம்" என்றான். தயாரிப்பு மேனேஜருக்கு போன் போட்டான்.

"மாத்தி அனுப்புங்க, நாளைக்குப் புதுசையே போட்டுடலாம்" என்றார் மேனேஜர். "ஆனா கம்பெனிக்காரங்களும் பதில் சொல்ல வாய்ப்புக் குடுக்கணும்னு வக்கீல் சொன்னாரில்ல, அவங்களுக்கு நேத்து காலைலயே ஒரு காப்பி போயிடுச்சு."

"எந்தக் காப்பி?"

சாதாரணக் காப்பியாக இருக்கட்டும் என்று அவன் வேண்டாத தெய்வம் இல்லை.

"நல்ல காப்பிதான் ஆந்தை. அவங்க மீட்டிங் ரூம்ல சுவர் அகலத்துக்குப் புது டிவி இருக்காம். நீங்க கஷ்டப்பட்டது வீணாகக் கூடாதுன்னு எச்.டி.ஆரையே அனுப்பிட்டேன்."

போனை வைத்தவன் என்ன செய்வதென்று தெரியாமல் உருளையை உருட்டினான். ஜன்னல் வெளுத்தது. சைக்கிள், கேட், சந்து எல்லாம் வெள்ளைக்குள் கரைந்து போயின. அரை நிமிட வேலை. நேற்று முன்தினம் செய்திருந்தால் போதும்.

தங்கை தன் போனை எடுத்தாள். மணி நாலரை. பள்ளிக்கூடம் விட்டுப் பாப்பா வீட்டுக்கு வந்து தனியாக இருக்கும் நேரம். நம்பரைப் போட அவள் விரல் மூன்று முறை தவறியது. ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு போனை மேஜைமேல் வைத்தாள்.

"பாப்பா, சைக்கிளை உள்ள எடுத்து வச்சுட்டு கதவைத் தாழ் போடு."

"ஏம்மா? இப்பதான் ஒரு அங்கிள் என் சைக்கிள் அழகா இருக்குன்னு சொன்னாரு. யாரோடதுன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"என்னோடது, எங்க மாமா வாங்கிக் குடுத்ததுன்னு சொன்னேன். அம்மா எப்ப வருவாங்கன்னு கேட்டாரு. அஞ்சு மணிக்குன்னு சொன்னேன்." பாப்பா எதையோ மென்றுகொண்டே பேசினாள். "சரி, அதுவரைக்கும் இங்கயே நிக்கறேன்னு சொல்லிட்டு நம்ம கேட் பக்கத்துல நிக்கறாரும்மா."