கெட்ட செய்தி முதலில் போகும் இடம்

அட்டைப்பெட்டிக் கம்பெனி முதலாளி முன்வரிசையில் வந்து உட்கார்ந்ததும் மேடையில் நின்ற ஆய்வு மாணவி தன் தாள்களை மறுபடி அடுக்க ஆரம்பித்தாள். முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வை யாரும் வந்து கேட்கலாம். மரியாதைக்காக அவருக்கும் அழைப்பு அனுப்பியிருந்தாள். அதற்காக நிஜமாகவே வந்துவிடுவதா? கூடவே மூத்த மருமகள் வேறு.

குடும்பத் தொழில்களில் தலைமை உண்மையில் யாரிடம் இருக்கிறது என்பதுதான் ஆய்வு. ஆரம்பத்தில் எல்லோரையும் போல அவளும் "இங்கே தலைவர் யார்?" என்று கேள்வித்தாள் நீட்டினாள். போன இடமெல்லாம் ஒரே பதில்: "அப்பாதான்." இதை எழுதவா ஒரு பட்டம்? கேள்வித்தாளைத் தூர எறிந்துவிட்டு மூலையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். ஆய்வறையில் அவளுக்கு 'மியூட்' என்று பட்டப்பெயர். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பது கைவந்த கலை.

அட்டைப்பெட்டிக் கம்பெனியில்தான் முதலில் பிடிபட்டது. நல்ல செய்தியோடு வருகிறவர்கள் நேரே பெரியவர் அறைக்குப் போனார்கள். கெட்ட செய்தியோடு வருகிறவர்கள், பசை இயந்திரத்தருகே நிற்கும் மருமகளைத் தேடிப் போனார்கள். மற்ற கம்பெனிகளிலும் கவனித்தாள். அச்சகத்தில் அது முதலாளியின் சின்னத் தம்பியிடம், பொம்மைக் கம்பெனியில் முதலாளியின் அத்தையிடம் போனது. கெட்ட செய்தி முதலில் யாரிடம் போகிறதோ, தலைமை அங்கே இருக்கிறது என்று எழுதினாள்.

"தலை இருக்க வால் ஆடுதுன்னு எழுதியிருக்கீங்க," என்றார் வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர். தன் பல்கலைக்கழகத்தில் ஒரு துறையின் தலைவர், கறார் பேர்வழி. "நல்லதாப் போச்சு, தலையே வந்திருக்கு. ஐயா, உங்க கம்பெனில தலைவர் யாரு?"

பெரியவர் எழுந்தே நின்றார். "இதென்ன கேள்வி? நான்தான்!"

அரங்கு கொல்லென்று சிரித்தது. அவளுடைய நெறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். இத்தனை வருட உழைப்பும் ஒரே வார்த்தையில் போய்விடும் போலிருந்தது.

"ஐயா... நான் ஒண்ணு கேக்கலாமா?"

"சத்தமாக் கேளும்மா. காது கொஞ்சம் மந்தம்."

அவள் மைக்கைப் பக்கத்தில் இழுத்தாள். "கடைசியா உங்ககிட்ட ஒரு கெட்ட செய்தி வந்தது எப்போய்யா?"

பெரியவர் யோசித்தார். "எங்க கம்பெனில கெட்டதே நடக்கறதில்லையே!" என்றார் பெருமையாக. சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. மெல்லத் திரும்பினார். "ஏம்மா, நடக்குதா?"

"அப்பப்போ நடக்கும் மாமா," என்றாள் மருமகள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சரி பண்ணிட்டுச் சொல்லலாம்னு பாப்பேன். சரி பண்ணினப்புறம் சொல்ல என்ன இருக்கு?"

"அடிப்பாவி! அப்போ நான் எதுக்கு இருக்கேன்?"

"நல்ல செய்தியெல்லாம் யார்கிட்ட சொல்றது மாமா?"

பெரியவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சார், நான் சொன்னதை அடிச்சிடுங்க. பொண்ணு எழுதினதுதான் சரி."

"ஒருத்தர் ஒத்துக்கிட்டா போதாதுய்யா," என்றார் தேர்வாளர்.

"மத்த கம்பெனியையும் காட்டறேன் சார்," என்றாள் அவள். அச்சகத்தைச் சொன்னாள், பொம்மைக் கம்பெனியைச் சொன்னாள். தன் முடிவு பொருந்தாமல் போன ஒரு பேக்கரியையும், அது ஏன் பொருந்தவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னாள். தேர்வாளர் குறுக்கே ஏழெட்டுக் கேள்வி போட்டார். ஒவ்வொன்றுக்கும் கேட்ட வேகத்திலேயே அவளிடமிருந்து பதில் வந்தது. கடைசியில் பேனாவை மூடினார்.

"எங்க துறையில எனக்கு எல்லாமே நல்ல செய்தியாத்தான் வருது," என்றார், யாரிடம் என்றில்லாமல்.

தேர்வுக் குழு வெளியே போய்க் கலந்து பேசிவிட்டு வந்தது. பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்ததும் முதலில் எழுந்து கைதட்டியது பெரியவர்தான். தேர்வாளர் அவள் கையைக் குலுக்கினார்.

"வாழ்த்துகள் டாக்டர். அடுத்து யாரை ஆராயப் போறீங்க?"

மைக் இன்னும் அணைக்கப்படவில்லை.

"துறைத் தலைவர்களை, சார்."