வேலியோரம் நின்ற பச்சை லொறி

ஊர் விழாவில் மீனம்மாவின் லொறியைப் பழைய கார்ச் சங்கத்தார் தங்கள் வரிசையில் விடவில்லை.

"இது கார்க் கண்காட்சி. தேயிலைக் கொழுந்து ஏத்தின லொறிக்கு இதில என்ன வேலை? வேலியோரமா விடு," என்றார் சங்கத் தலைவர் ஏரம்பு. முகம் பார்க்கலாம்போல மினுக்கிய அவருடைய ஒஸ்ரின் கார் முதல் ஆளாய் நின்றது.

"எல்லாத்தையும்விட இதுதாங்க வயசுல மூத்தது."

"வயது சரி. வடிவு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

எழுபத்தேழு கலவரத்தில் மலைநாட்டிலிருந்து நான்கு குடும்பங்களை வட்டக்கச்சிக்கு ஏற்றிவந்த வண்டி அது. இந்த விழாவுக்கென்றே மீனம்மாவின் கணவன் மாயாண்டி அதற்குப் பச்சை பூசினான். கதவு ஒன்று மிச்சமிருக்கையில் காய்ச்சலில் போய்விட்டான். அந்தக் கதவை அவளே பூசினாள். வரிசையில் ஒருமுறை அதை நிறுத்திவிட வேண்டும், அவ்வளவுதான்.

நாலு மணிக்குப் புகைக்குண்டு ஏற்ற வேண்டும். பதினைந்து அடி வண்ணத்தாள் கூடு. கீழே வைக்கோல் கொளுத்திச் சூட்டுப் புகை நிரப்பினால் வானத்துக்குக் கிளம்பிவிடும். சோளகக் காற்று விடவில்லை. நெருப்பு தரையோடு படுத்தது.

"கார்களைக் கொண்டுவந்து காத்தை மறியுங்கோ!" என்று கத்தினார் புகைக்குண்டு கட்டிய யோகலிங்கம்.

கண்காட்சிக் கார்கள் ஏழும் அதே வரிசையில் வந்து நின்றன. காற்று அவற்றின் கூரைக்கு மேலாலும் வயிற்றுக்குக் கீழாலும் வந்தது.

"அந்த லொறி! மேல மூடுற படங்கும் கிடக்குது, பக்கத்தில தொங்கவிடலாம்!" என்றார் யோகலிங்கம்.

ஏரம்பு தொண்டையைச் செருமினார். "மீனம்மா, உந்த லொறியைக் கொஞ்சம் கொண்டு வாறியே?"

"வரிசைக்குங்களா?"

"ஓம், வரிசைக்குத்தான்."

"முதல்லங்களா?"

"முதல்லதான். வாங்கோ, தாயே!"

மீனம்மா ஏறி உட்கார்ந்தாள். "பற்றரி இல்லீங்க. யாராச்சும் முன்னால ஹாண்டில் போட்டுச் சுத்தணும்."

மற்றவர்களின் கைகளெல்லாம் தாளைப் பிடித்திருந்தன. ஏரம்பு சால்வையை இடுப்பில் இறுக்கினார். முதல் சுற்றுக்கு லொறி இருமியது. இரண்டாவதற்கு அவருடைய வெள்ளை வேட்டியில் கிறீஸ் ஏறியது.

"மாயாண்டி எப்பிடியப்பா இதைச் சுத்தினவன்?"

"திட்டிக்கிட்டே சுத்துவாருங்க."

மூன்றாவது சுற்றில் ஏரம்பு வாய்விட்டுத் திட்டினார். லொறி உறுமிக்கொண்டு கிளம்பியது.

ஒஸ்ரினுக்கு முன்னால் அதை நிறுத்திப் படங்கை இறக்கினார்கள். நெருப்பு நிமிர்ந்தது. தாள் மெல்ல உப்பி, பிடித்திருந்தவர்களின் கைகளை இழுத்தது.

"விடுங்கோ!"

புகைக்குண்டு லொறியைத் தாண்டி, தென்னைகளைத் தாண்டி ஏறியது. சனம் விசிலடித்தது.

அது புள்ளியானதும் ஏரம்பு மெதுவாக வந்தார். "இனி லொறியை எடுப்பமோ?"

மீனம்மா இறங்கி, தான் பூசிய கதவைச் சாத்தினாள்.

"விழா முடியட்டுங்க," என்றாள்.