மூன்று தடவையும் நீலம்

கரி நிரப்பிய டப்பாவின் அடியில் ஆணியால் போட்ட துளையிலிருந்து முதல் சொட்டு கண்ணாடித் தம்ளரில் விழுந்தது. நீலம். அடுத்ததும் நீலம். நோட்டில் தேதி போட்டு, 11.1.2003, மூன்றாம் தடவை, தோல்வி என்று எழுதினேன்.

ஐப்பசி மழையில் எங்கள் பட்டறையின் சாயத்தண்ணீர் வாய்க்காலை உடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு உண்ணாமலை அக்காவின் கீரைப் பாத்தியில் போய் நின்றது. கரைக்கு மண் அணைக்கச் சொல்லியிருந்தார் அண்ணன். மாலை வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று நான் கிளம்பிவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பாத்தியில் எதுவும் முளைக்கவில்லை. அக்கா சண்டைக்கு வரவில்லை. வேலிக்கு மேலாகக் கீரைக்கட்டை நீட்டுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

வேர்க்கடலை ஓட்டைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் சுட்டால் வரும் கரி மண்ணிலுள்ள சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று வகுப்பில் வாத்தியார் சொன்னார். சரியாகத்தான் எழுதிக்கொண்டேனா என்று இப்போதும் சந்தேகம். பாத்தியில் போடுவதற்கு முன்னால் கரியில் சாயத்தண்ணீரை ஊற்றிச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

பரிமளா அண்ணி நனைந்த பட்டு நூலோடு வந்து தம்ளரைப் பார்த்தார். முழங்கை வரை அரக்குச் சாயம்.

"இன்னிக்கு இன்னா சாயம் போட்டோம்?"

"அரக்கு."

"அப்போ நீலம் எங்கேர்ந்து வந்துது?"

நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். சுண்ணாம்பு எங்கே எடுத்தாய் என்று அண்ணி கேட்டார். பொங்கலுக்கு வெள்ளையடிக்க அவர் கரைத்து வைத்திருந்த தொட்டியில் என்றேன். அண்ணி நூலை ஓரமாக வைத்துவிட்டுச் சிரித்தார்.

"செவுரு பளிச்சுன்னு இருக்கணும்னு அதுல நீலப்பொடி போட்டுக்கீறேன் தம்பி. மூணு வாட்டியும் அதுலியா எடுத்தே? இன்னா படிப்போ."

தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அரக்கு துளிகூட இறங்கியிருக்கவில்லை. இத்தனை நாளும் நான் நீலத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடையில் கல் சுண்ணாம்பு வாங்கி நீற்றி, புது ஓட்டை அதில் ஊறவைத்து மறுபடி சுட்டேன். சுண்ணாம்பின் காரம் போகக் கரியைப் பலமுறை கழுவினேன். பொங்கல் கழிந்து கரி மூட்டையோடு அக்கா வீட்டுக்குப் போனேன். கரியைக் கழுவும்போதெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த எதுவும் வரவில்லை.

"அக்கா, அன்னிக்கு மண்ணு அணைக்காம போனது நாந்தான்."

"தெரியும். நீ சைக்கிள் ஏறிப் போனதைப் பாத்துகினுதான இருந்தேன்." மூட்டையை அவிழ்த்தார். "இதைச் சொல்றதுக்கு மூணு மாசமா?"

கரி எதற்கென்று சொன்னேன். இருவரும் அதைப் பாத்தியில் கொட்டி, மண்ணோடு கொத்திக் கிளறினோம். அக்கா அரைக்கீரை விதையில் மணல் கலந்து தூவினார். முளைக்குமா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

தண்ணீர் தெளித்தோம். பாத்தியின் மூலையில் கொஞ்சம் தேங்கியது. அக்கா குனிந்து அதை உள்ளங்கையில் அள்ளினார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தண்ணீருக்கு அடியில் அவர் கை ரேகைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.