பரோட்டா மாஸ்டர் சுட்ட சாசேஜ்

கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு ஹோட்டலில் இருபத்தெட்டு வருஷமாகப் பரோட்டா மாஸ்டராக இருக்கும் வன்னியராஜுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அடுப்பில் ஏற்றுகிற எதுவும் தன் பேச்சைக் கேட்கும் என்பதே அது. வீட்டில் யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

மகள் சுஜா இத்தாலியில் நர்ஸ். லீவுக்கு வந்தவள், தன்னைப் போலவே லீவில் வந்திருந்த, கூட வேலை பார்க்கும் மலையாளிப் பையன் ஜிபினை ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தாள். பையன் எதற்கு வருகிறான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சூப்பர்மார்க்கெட்டிலிருந்து இரண்டு பாக்கெட் இத்தாலியன் சாசேஜ் வாங்கி வந்து, தானே சமைப்பதாகச் சொன்னாள்.

"நீ உக்காரு மக்ளே. பன்னியெறச்சிய அரைச்சு குடல்ல அடைச்சிருக்கான். இதுக்கு இத்தாலி போயா படிக்கணும்?"

"அப்பா, அதுக்குத் தீய கொறச்சு வச்சு..."

"அடுப்புப் பாடம் எனக்கா?"

இரும்புக் கல்லைப் போட்டார். தீயை முழுசாகக் கூட்டினார். எண்ணெய் புகைந்ததும் ஒரு பாக்கெட்டை அப்படியே இறக்கினார். இரண்டே நிமிஷத்தில் நல்ல நிறம். 'பார்த்தாயா' என்று மகளைத் திரும்பிப் பார்த்த நேரத்தில் ஒரு சாசேஜ் 'டப்'பென்று வெடித்து, கொழுப்பு அவர் முழங்கையில் தெறித்தது. அவர் போட்ட 'அய்யோ'வைக் கேட்டுக்கொண்டேதான் ஜிபின் உள்ளே வந்தான். வீடெல்லாம் புகை. மனைவி தாசம்மாள் இருமிக்கொண்டே ஜன்னல்களைத் திறந்தாள்.

"வாங்க, வாங்க. ஸ்பெஷல் ஐட்டம்," என்றார் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.

தட்டில் வந்தது கிட்டத்தட்ட கரி. ஜிபின் ஒரு கடி கடித்தான். மென்றான். "கொள்ளாம் அங்கிள்," என்று நன்றாயிருப்பதுபோல் தலையாட்டினான்.

வன்னியராஜ் பெருமையாக மீசையைத் தடவும்போது சுஜா தன்னுடையதைக் கத்தியால் பிளந்தாள். உள்ளே ரோஜா நிறம்.

"ஜிபின், துப்பு! பச்சையா இருக்கு!"

அவன் வாஷ்பேசினுக்கு ஓடினான். வன்னியராஜுக்கு மைதா மூட்டைக்குள் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. தினம் ஆயிரம் பரோட்டா புரட்டுகிற கை, மருமகனாக வரப்போகிறவனை முதல் நாளே ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பார்த்திருக்கிறது. தாசம்மாள்தான் முதலில் சிரித்தாள். பிறகு அவருக்கும் அடக்க முடியவில்லை.

"சரி, சொல்லு மக்ளே. நீ மாஸ்டர், நான் எடுபிடி."

தட்டையான பாத்திரத்தில் இரண்டாவது பாக்கெட், அரை டம்ளர் தண்ணீர், மேலே மூடி, சின்னத் தீ. நடுநடுவே புரட்ட வேண்டும், அவ்வளவுதான். வன்னியராஜின் கை மூன்று முறை தானாகவே தீயைக் கூட்டப் போனது. மூன்று முறையும் மகள் தட்டிவிட்டாள். தண்ணீர் வற்றியது. மூடியை எடுத்ததும் சாசேஜ் தன் கொழுப்பிலேயே, ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல், மெல்லச் சிவந்தது. ஒன்றைப் பிளந்து பார்த்தார். உள்ளே நன்றாக வெந்திருந்தது. 'இவ்வளவு பொறுமை இருந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்' என்று நினைத்துக்கொண்டார்.

சாப்பிடும்போது ஜிபின் எதையோ சொல்லத் தொண்டையைச் செருமினான். "அங்கிள், ஒரு காரியம் பறயான் உண்டு."

"தெரியும்டே. அந்தக் கரிய கொள்ளாம்னு தின்னப்பவே சம்மதிச்சாச்சு. ஆனா இனிமே நல்லால்லன்னா நல்லால்லன்னு சொல்லணும், கேட்டியா?"

ஜிபின் சுஜாவைப் பார்த்தான்.

"அப்போ பறயட்டே அங்கிள்? ஃபர்ஸ்ட் வந்தது பயங்கர மோசம்."

வன்னியராஜ் அதற்கும் தலையாட்டினார். கல்யாணச் சமையலுக்கு வேறு ஆளைப் பார்க்கலாம் என்று தாசம்மாள் சொன்னபோது மட்டும் கொஞ்சம் சுருக்கென்றது.