ஹம்ஸியா பார்த்த முப்பத்தொன்பது வீடுகள்

ஹம்ஸியா பொறாமையோடு பார்த்த எந்தப் பொருளும் கெட்டுப்போனதில்லை, பெருத்துத்தான் போனது என்பதை ஏழாங்கட்டை ஜனங்கள் புரிந்துகொள்ள 1979ஆம் வருஷம் வரவேண்டியிருந்தது. அதுவரை அவளுக்குக் கண்ணூறுக்காரி என்றுதான் பேர். பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் ரோட்டில், ஏழாவது மைல்கல்லைச் சுற்றி எழும்பிய அந்தக் கடைவீதியில் அவள் வருவது தெரிந்தால் குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு போவார்கள். மீன் வாங்கியவர்கள் பையைப் பின்னால் மறைத்துக்கொள்வார்கள். கேட்டால் ஆதாரமும் காட்டுவார்கள். பலசரக்குக் கடை சண்முகராஜா முதலாளியின் மனைவி பரிமளம் புதிதாகப் போட்டிருந்த தங்க வளையலை அவள் ஒருநாள் ஏக்கமாகப் பார்த்தாள். வளையல் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு அகன்று, கையில் நிற்காமல் ஓடையில் விழுந்துவிட்டது. வளையல் போனதைச் சொன்னார்களே தவிர, விழுமுன் எத்தனை பவுன் கூடியிருந்தது என்பதை யாரும் சொல்லவில்லை. தட்டுப்பாடு வந்து பேக்கரியில் பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற 1974இல், முன்னால் நின்றவன் வாங்கிய பாணை அவள் பசியோடு பார்த்தாள். அது அவன் வீடு போய்ச் சேர்வதற்குள் தலையணையாகி, விடிவதற்குள் மெத்தையாகி, கதவுநிலையில் சிக்கிக்கொண்டது. அக்கம்பக்கத்துக் குடும்பங்களெல்லாம் அதை நாலு நாள் வைத்துத் தின்றன. தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, நிலை உடைந்ததற்கு ஹம்ஸியாவின் கண்தான் காரணம் என்றார்கள். ஊருக்கு நாக்கு எப்போதும் அந்தப் பக்கம்தான் புரளும். இதில் பரிதாபம் என்னவென்றால் ஹம்ஸியாவும் அதை நம்பினாள். பிள்ளைகள் எதிரே வந்தால் தானாகவே தலையைக் குனிந்துகொள்வாள்.

அவளுடைய பொறாமைக்கு ஒரு வீடு காரணம். மகளைக் கட்டிக் கொடுக்கும்போது வீட்டையும் சேர்த்துக் கொடுப்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். வாப்பா இப்றாஹீமுக்கு மகள்மார் இரண்டு பேர், கல்வீடு ஒன்றுதான். மூத்தவள் ஹம்ஸியாவைக் கேட்டு வந்த தையல்காரர் மொஹிதீன் நல்ல மனுஷர், வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. கேட்காதவருக்கு எதுவும் கொடுக்கப்படவில்லை. இளையவள் ஜெமீலாவுக்கு வந்த தாஸிம் பதுளையில் கிளாக்கர், வீடு வேண்டும் என்று கேட்டான், கிடைத்தது. ஹம்ஸியா தையல் கடையின் பின்பாதியில், மெஷினுக்கும் துணி மூட்டைக்கும் நடுவே குடித்தனம் போட்டாள். காலையில் பின்கதவைத் திறந்தால் மேட்டின்மேல் முதலில் தெரிவது தங்கச்சியின் வீடு. வயிறு எரிந்தது. எரியாமல் இருந்திருந்தால்தான் அதிசயம். வீடு முதலில் முன்பக்கம் ஒரு விறாந்தை விட்டது, பிறகு மலைப்பக்கம் ஓர் அறை, அடுத்த வருஷம் இன்னோர் அறை. தாஸிம் நிலம் சரிகிறதோ என்று பயந்து மேசனைக் கூட்டிவந்து காட்டினான். மேசன் சுவரைத் தட்டிப் பார்த்து, வேலை சுத்தமாக இருக்கிறது, யார் கட்டியது என்று கேட்டான். பத்து வருஷத்தில் அந்த வீட்டுக்குப் பதினோர் அறை. ஜெமீலா கூட்டத் தொடங்கினால் முடிக்க மத்தியானமாகிவிடும். பெருநாளைக்குப் பெருநாள் ஹம்ஸியா அங்கே போய் ஒரு வாய் வட்டிலப்பம் தின்று, சுவரைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவாள்.

அப்படியிருக்கையில் அரசாங்கம் ஏழாங்கட்டைக்கு ஒரு வீட்டுத்திட்டம் போட்டது. தண்ணீர்ப் பீலிக்குக் கீழே ஊர் மாடுகள் மேயும் பத்தனைப் புல்வெளியில் நாற்பது வீடுகள், வீடில்லாத குடும்பங்களுக்கு. சர்வேயர் ஆட்கள் வந்து முளைக்குச்சி அடித்துவிட்டுப் போன மறுநாளே பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் கூடியது. மலையிலிருந்து மூங்கில் குழாயில் விழும் பீலித் தண்ணீர் இருக்கிற குடும்பங்களுக்கே விரல் தடிப்புத்தான், இன்னும் நாற்பது குடும்பம் வந்தால் நாக்கை நனைக்கவும் காணாது என்றார்கள். மாடு எங்கே மேயும், ரோட்டில் எத்தனை லொறி ஓடும், வருகிறவன் யார் எவன் என்று கேட்டார்கள். மேல் தேயிலைத் தோட்டத்தில் வரிசை லயங்களில் இருக்கும் தொழிலாளிகள் இறங்கி வந்துவிடுவார்கள் என்று பரிமளம் பயந்தாள். லயத்து ஆட்களுக்கு யாரும் வீடு தருவதாகச் சொல்லவில்லை, இருந்தும் பயம் முழுக்க அவர்களைப் பற்றியதாகவே இருந்தது. கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய இரும்புக்கடை ஸஹாப்தீன் ஹாஜியார், கிராமத்தின் அமைதி என்று அரைமணி நேரம் பேசினார். திட்டத்துக்குச் சீமெந்து கொடுக்கும் கொந்தராத்து பதுளைக் கடையொன்றுக்குப் போய்விட்டது என்பதை அவர் பேச்சில் சேர்க்கவில்லை.

தண்ணீரைப் பற்றிய கவலை பொய்யென்று சொல்ல முடியாது. ஆனால் அதற்கு அடியில் வேறொரு கவலை ஓடியது. பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கிடைத்து நமக்குக் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்பதுதான் அது. திட்டம் வேண்டாம் என்று பதுளைக் கச்சேரி அதிகாரிகளிடம் மனுக் கொண்டு போனவர்கள், முன்கதவால் மனுவைக் கொடுத்துவிட்டுப் பின்கதவால் தங்கள் மகன்மார் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தார்கள். ஒருவர் செய்ததை மற்றவர் அறியவில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். கூட்டத்துக்கும் போகாமல் மனுவிலும் கையெழுத்துப் போடாமல் இருந்தவள் ஹம்ஸியா ஒருத்திதான். அவள் வெளிப்படையாகவே பெயரைக் கொடுத்திருந்தாள். பின்னேரங்களில் பத்தனை ஓரமாக நடந்து, எந்தக் குச்சி தன்னுடையதாக இருக்கும், அடுப்பை எந்தப் பக்கம் போடலாம் என்று மொஹிதீனிடம் பேசிக்கொண்டு போவாள். அந்தப் பத்துப் பதினைந்து நாள் அவள் யாரையும் பார்த்துப் பொறாமைப்படவில்லை, ஊரில் எதுவும் பெருக்கவுமில்லை.

மனுவுக்குப் பதில் வரவில்லை. அப்போதுதான் ஸஹாப்தீனுக்கு அந்த யோசனை தோன்றியது. இத்தனை வருஷமாக ஊரைக் கெடுத்த கண்ணை ஒருநாள் ஊருக்கு உதவச் செய்தால் என்ன? குச்சிகளை ஹம்ஸியா வயிறெரிந்து ஒரு பார்வை பார்த்தால் திட்டம் கருகிப்போகும். அவர் தையல் கடைக்குப் போய்க் கேட்டார். ஹம்ஸியா முடியாது என்றாள், தன் வீட்டுக்குத் தானே கண்ணூறு வைப்பதா என்று அழுதாள். ஹாஜியார் தாடியை நீவிக்கொண்டே, ஓரத்துக் காணி யாருக்கு என்று தனக்குத் தெரியும் என்றார்.

"யாருக்கு?"

"ஒன்ட தங்கச்சிக்கு. தாஸிம் கச்சேரில ஆள் வச்சிப் பேர் குடுத்திருக்கான். ஒனக்கு அங்க ஒண்டுமில்ல, மகள்."

ஹம்ஸியா செருப்பைக்கூடப் போடாமல் எழுந்து நடந்தாள். தனக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஜெமீலாவுக்கு இரண்டாவது வீடு கிடைக்கக் கூடாது, அந்த நேரத்தில் அவளுக்கு உலகத்தில் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. ஊர் தள்ளி நின்று பார்க்க, ஸஹாப்தீன் அவளைக் குச்சி குச்சியாக அழைத்துப் போனார். இது சண்முகராஜா மகனுக்கு, உள்ளுக்கே தண்ணிக் குழாய் வரும். இது சாரதி அலவிக்கு, இரண்டு ஜன்னல். இது பேக்கரிக்காரனுக்கு. தன் மகனுடைய குச்சியைத் தாண்டும்போது மட்டும் ஹாஜியார் எதுவும் சொல்லாமல் வேகமாக நடந்தார், ஆனால் அவர் முகத்தைப் பார்த்தே ஹம்ஸியா புரிந்துகொண்டாள். கடைசியாக ஓரத்துக் காணி. அந்தக் குச்சியின் முன்னால் அவள் பொழுது சாயும்வரை நின்றாள். மற்றக் குச்சிகளுக்கெல்லாம் கொடுத்ததைச் சேர்த்து வைத்தாலும் அதற்குக் கொடுத்ததில் பாதி வராது.

காலையில் பத்தனைக்கு மாடு ஓட்டிப் போனவர்கள் திரும்பி வந்து, போக வழியில்லை என்றார்கள். குச்சிகள் தூண் தடிப்புக்குப் பருத்திருந்தன. மூன்றாம் நாள் இடுப்பளவு சுவர், ஒரு வாரத்தில் கூரை, அடுத்த வாரம் கதவுக்குக் கொண்டி. சண்முகராஜா மகன் வீட்டில் குழாய் இருந்தது. அலவி வீட்டில் ஜன்னல் இரண்டு. ஸஹாப்தீன் மகனுடைய வீடு மாடியும் வைத்துக்கொண்டது. பதுளையிலிருந்து வந்த அதிகாரி சுற்றிப் பார்த்துவிட்டு, வேலை குறித்த காலத்துக்கு முந்தி முடிந்திருப்பதாக எழுதிக்கொண்டு, கதவுகளில் இலக்கம் போடச் சொன்னார். சாவி கொடுத்தபோது மனுக் கொண்டு போனவர்கள் எல்லோரும் புதுச் சட்டையோடு வரிசையில் நின்றார்கள். ஒருவரையொருவர் பார்த்து, நீங்களுமா என்று யாரும் கேட்கவில்லை. முப்பத்தொன்பது வீடு எழும்பியிருந்தது. ஓரத்துக் காணியில் மட்டும் அடித்த குச்சி அடித்தபடியே நின்றது. அதிகாரி கடைசியாக அந்தக் காணிக்குரியவரின் பெயரை வாசித்தார். மொஹிதீன் பெண்சாதி ஹம்ஸியா.

பிறர் பொருளைத்தான் அவள் கண் வளர்க்கும், தன் பொருள் அதன் கணக்கில் இல்லை. ஹாஜியார் பொய் சொன்னது அவளுக்குத் தெரியாவிட்டாலும் கண்ணுக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு ஊர் முழுவதும் ஒரு நொடியில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டது. வளையலும் பாணும் எல்லோர் நினைவுக்கும் வந்தன. மறுநாளிலிருந்து குழந்தைகளை மறைத்தவர்கள் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார்கள். சோளக்கொல்லைக்காரர்கள் வந்து, ஒரு தரம் பார்த்துட்டுப் போங்க என்று கூப்பிட்டார்கள். பீலியிலே பெண்கள் அவளை வேண்டுமென்றே வரிசையில் கடைசியாக நிறுத்தினார்கள். முன்னால் நிற்பவர்களின் குடங்களைப் பார்த்து அவள் கடுகடுக்க, விரல் தடிப்பாக இருந்த தண்ணீர் கைத் தடிப்பாகி, புது வீடுகளுக்கும் போதுமானதாயிற்று. அவள் மட்டும் தையல் கடைக்குப் பின்னால் படுத்தாள். சீமெந்து வாங்கக் காசில்லை. மொஹிதீன் ஒரு நாள் குச்சியின் பக்கத்தில் நின்று, இது என் காணி, உனக்கில்லை என்று அவளைச் சீண்டிப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது, பிறகு அழுகை வந்தது. நாற்பது வீட்டில் தன்னுடையதற்குத்தான் தான் அதிகம் வயிறெரிந்தோம் என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

மழைக்காலம் முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை ஜெமீலா துடைப்பத்தோடு வந்தாள். கையில் இருந்ததைக் கீழே வைக்கவும் மறந்துதான் மேட்டிலிருந்து இறங்கி வந்திருந்தாள். காணியில் குந்தியிருந்த ராத்தா ஹம்ஸியாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாஸிமோடு பேசியாகிவிட்டது, அவன் மூன்று நாள் கத்தி ஓய்ந்துவிட்டான் என்றாள்.

"வாப்பாட வீட்ட நீங்க எடுத்துக்கோங்க ராத்தா. இந்தக் காணிய எனக்குத் தாங்க."

"வெறுங்காணி. குந்தவும் நிழலில்ல. இத வச்சி என்ன செய்யப் போறாய்?"

"என்டதுன்னு ஆகிட்டா நீங்க பாப்பீங்கதானே."

ஹம்ஸியாவுக்கு முதலில் கோபம் வந்தது. தங்கச்சி தன்னை இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறாளே என்று வெட்கமும் வந்தது. இருந்தும் தலையை ஆட்டினாள். பிறகு இருவரும் பதுளைக்குப் போய், பத்திரம் எழுதும் நொத்தாரிஸ் முன்னால் கையெழுத்துப் போட்டார்கள். ஹம்ஸியா வாப்பாவின் வீட்டுக்குக் குடிபோனாள். பதினோர் அறையிலும் ஒவ்வொன்றாக நுழைந்து சுவரைத் தொட்டுப் பார்த்தாள். மனது நிறைந்தது, அதில் பொய்யில்லை. அந்த நிறைவு பின்னேரம் வரைக்கும் இருந்தது. விறாந்தையில் வந்து உட்கார்ந்தபோது கீழே ஓரத்துக் காணியில் ஜெமீலா மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டியிருந்தாள். தாஸிம் பாயை விரித்தான். தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள். கூட்ட ஓர் அறை இல்லை, துடைக்க ஒரு ஜன்னல் இல்லை, அவளுக்கென்ன. ஹம்ஸியாவின் வயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் குபீரென்று கிளம்பியது. அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. விடியும்போது கீழே முழங்காலளவு சுவர் நின்றது.

வாப்பாவின் வீடு அதோடு வளர்வதை நிறுத்திக்கொண்டது. ஓரத்துக் காணி வீட்டுக்கு இப்போது எல்லாம் இருக்கிறது. ஏதாவது போதாமல் போனால் ஜெமீலா ராத்தாவைத் தேத்தண்ணிக்குக் கூப்பிடுவாள். மகளுக்குச் சம்பந்தம் கூடிவந்து ஓர் அறை தேவைப்பட்டபோதும் அப்படித்தான் கூப்பிட்டாள். மாப்பிள்ளை தங்கமான பிள்ளை, மாமியார் மகளைக் கையில் வைத்துத் தாங்கப் போகிறாள், இருக்கிற இடமே எங்களுக்குத் தாராளம் என்று பெருமை பேசினாள். ஹம்ஸியா உதட்டை இறுக்கிக்கொண்டு கோப்பையை வைத்தாள். "ஒனக்கென்ன, குடுத்து வச்சவ" என்று சொல்லிவிட்டு, பின்பக்கச் சுவரை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே மேடேறினாள். கல்யாணத்துக்கு முதல் வாரம் அறை கதவோடு தயாராகிவிட்டது. பெயின்ட் மட்டும் ஸஹாப்தீன் கடையில் வாங்கினார்கள்.